வீட்டுக்குள் ஒரு சுரங்கம்!

சுரங்கம் என்றால் நெய்வேலியில் இருக்கிறது, கோலாரில் இருந்தது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். 2021-ம் வருஷம் ஏப்ரல் மாதத்திலிருந்து ஒன்றரை வருஷ காலம் சென்னையில் எங்கள் வீட்டிலேயே ஒன்று ஓடியது. இடம்: மாடி போர்ஷனில் இருந்த ஒரே ஒரு சின்ன ரூம். இயந்திரம்: அலுமினியச் சட்டத்தில் வரிசையாக மாட்டிய மூன்று கிராஃபிக்ஸ் கார்டுகள். முதலாளிகள் இரண்டு பேர்: நானும் என் மச்சினனும். (பெயர் வேண்டாம். தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறவன்.)

என்ன கிடைத்தது என்று கேட்கிறீர்களா? கடைசியில் சொல்கிறேன். பி.காம். படித்தவன் எதைச் செய்யாவிட்டாலும் கணக்கு எழுதி வைப்பான். நானும் எழுதி வைத்திருக்கிறேன்.

மச்சினனுக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை. கொரோனா புண்ணியத்தில் அப்போது வீட்டிலிருந்தே உத்தியோகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினான். காபியை ஒரு வாய் குடித்துவிட்டு ஆரம்பித்தான்.

"மாமா, தூங்கறப்போ பணம் வந்தா வேண்டாம்னு சொல்வீங்களா?"

"முழிச்சிட்டிருக்கறப்பவே வர்றதில்லையேடா!"

"அதுக்குத்தான் வந்திருக்கேன். மைனிங்!"

பிட்காயின், எதீரியம் மாதிரியான டிஜிட்டல் காசுகளுக்கு ரிசர்வ் வங்கி கிடையாது. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்கிற பேரேட்டை உலகம் பூராவும் உள்ள கம்ப்யூட்டர்கள் சேர்ந்து எழுதுகின்றன. ஒரு பக்கம் எழுதி முடித்ததும் அதைப் பூட்ட வேண்டும். பூட்டுக்கு ஒரு எண் உண்டு. அந்த எண்ணுக்குக் குறுக்கு வழி கிடையாது. மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான், ஒரு விநாடிக்குக் கோடிக்கணக்கான தடவை. முதலில் பூட்டுகிற கம்ப்யூட்டருக்குப் புத்தம்புதுக் காசு பரிசு. இதற்குத்தான் மைனிங் என்று பெயர். தனி ஆளாக ஆடினால் பரிசு விழுவதற்குள் பேரன் பிறந்துவிடுவான். அதனால் நிறைய பேர் கூட்டுச் சேர்ந்து ஆடி, கிடைத்ததைப் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

"இது லாட்டரிடா!" என்றேன்.

"ஐயோ மாமா, டெக்னாலஜி!"

தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரிச் சீட்டுக்குத் தடை போட்டார்கள். டெக்னாலஜிக்குத் தடை இல்லை. நான் விழுந்தேன்.

பழைய கதையையும் அவன் அழகாகச் சொன்னான். 2009 ஜனவரியில் சடோஷி நாகமோட்டோ என்ற பெயரில் யாரோ பிட்காயினை ஆரம்பித்தபோது, வீட்டில் லெட்டர் டைப் அடிக்கிற சாதாரண கம்ப்யூட்டரே போதும். ஒரு பக்கத்தைப் பூட்டினால் 50 பிட்காயின். வாங்கத்தான் ஆள் இல்லை! 2010 மே 22-ம் தேதி அமெரிக்காவில் ஒருவர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்ஸா வாங்கிச் சாப்பிட்டார். அந்த வருஷமே, வீடியோ கேம் ஆடுகிற கிராஃபிக்ஸ் கார்டு இந்த வேலையைப் பல மடங்கு வேகமாகச் செய்யும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். 2013-ல் இந்த ஒரே வேலைக்கென்று சிப் செய்து 'ஏசிக்' என்ற தனி மெஷினே வந்தது. முதலில் வந்த அவலான் மெஷினின் விலை 1,299 டாலர். அதோடு பிட்காயின் சுரங்கத்தில் சாதாரண கம்ப்யூட்டருக்கும், பிறகு கிராஃபிக்ஸ் கார்டுக்கும் கும்பிடு போட்டாயிற்று. 2021-ல் நல்ல ஏசிக் ஒன்றின் விலை பத்தாயிரம் டாலரைத் தாண்டியது.

"அது நமக்குக் கட்டாது. ஆனா எதீரியத்துக்கு இன்னும் கிராஃபிக்ஸ் கார்டே போதும் மாமா!" என்றான். அது உண்மைதான். அவன் சொன்னதெல்லாமே உண்மைதான். சொல்லாமல் விட்டதில்தான் விஷயம் இருந்தது.

முதல் விஷயம், விலை. நாங்கள் குறிவைத்த ஆர்.டி.எக்ஸ். 3060 டி.ஐ. கார்டை என்விடியா கம்பெனி 2020 டிசம்பரில் 399 டாலர் என்று விலை சொல்லித்தான் கொண்டுவந்தது. ஜி.எஸ்.டி. சேர்த்தாலும் நம் ஊர்க் கணக்குக்குச் சுமார் 35,000 ரூபாய். அந்தக் காகிதத்தை நம்பி ரிச்சி தெருவுக்குப் போனோம். அண்ணா சாலையிலிருந்து திரும்பி நாலாவது கடையில் விசாரித்தோம். கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"கேமுக்கா சார், மைனிங்குக்கா?"

"மைனிங்குக்குத்தான்" என்றான் மச்சினன், பெருமையாக. அந்தப் பெருமைக்கு எவ்வளவு கூட்டினாரோ தெரியாது. "தொண்ணூறு" என்றார். தொண்ணூறு என்றால் தொண்ணூறாயிரம்! கெஞ்சி, கால் மணி நேரம் வெயிலில் நின்று, 85,000-க்கு முடித்தோம். பில்லைக் கையில் கொடுத்துவிட்டு, "நாளைக்கு வந்தா இந்த ரேட்டும் கிடையாது" என்று ஆசீர்வாதமும் செய்தார்.

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். முகூர்த்த நாளில் மல்லிகைப்பூ விலை கேட்டிருக்கிறீர்கள்தானே? அதேதான். உலகம் பூராவும் சிப் தட்டுப்பாடு. வீட்டில் அடைந்து கிடந்த பிள்ளைகளுக்கு கேம் ஆடக் கார்டு வேண்டும். எதீரியம் விலை ஏற ஏற எங்களைப் போன்ற சுரங்க முதலாளிகளுக்கும் கார்டு வேண்டும். கேம் ஆடுகிறவர்கள் கதறியதில் என்விடியாவே 2021 பிப்ரவரியில் வெளியிட்ட 3060 கார்டில், எதீரியம் மைனிங் செய்தால் வேகம் பாதியாகிற மாதிரி ஒரு பூட்டுப் போட்டது. அடுத்த மாதமே அந்தப் பூட்டைத் திறக்கிற சாஃப்ட்வேரைத் தானே தவறுதலாக வெளியிட்டும் விட்டது!

மூன்று கார்டு 2,55,000. மதர்போர்டு, பவர் சப்ளை, யு.பி.எஸ்., சட்டம், எக்ஸாஸ்ட் ஃபேன் வகையறா 85,000. மொத்தம் 3,40,000. ஆளுக்குப் பாதி.

என் பங்கு 1,70,000 எங்கிருந்து வந்தது? இங்கேதான் சிரிப்பு நிற்கிறது. என் மனைவி இரண்டு லட்ச ரூபாய்ச் சீட்டு ஒன்று போட்டிருந்தாள். இருபது மாதச் சீட்டு. 2021 பிப்ரவரியில் ஆரம்பித்தது. பெண் வளர்கிறாள், அவளுக்கென்று ஒரு ரூம் இருக்கிற மாதிரி வேறு வீடு பார்க்க வேண்டும், அதற்கு அட்வான்ஸ். சீட்டின் நோக்கம் அதுதான். மூன்றாவது மாதமே 30,000 ரூபாய் தள்ளி ஏலத்தில் எடுக்க வைத்தேன். "ஆறே மாசத்துல போட்ட பணம் திரும்பிடும். அப்புறம் அட்வான்ஸ் என்ன, ஃபிளாட்டே பார்க்கலாம்" என்றேன்.

அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, அந்த மெஷின் அவ்வளவு பணம் கொட்டும்னா, கடைக்காரர் ஏன் விக்கறாரு? அவரே வீட்ல ஓட்டக் கூடாதா?"

நானும் மச்சினனும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். காமர்ஸ் படிக்காதவள், பாவம்!

சுரங்கம் ஓட ஆரம்பித்தது. முதல் வாரம் நான் தூங்கவே இல்லை. ஒன்று, சந்தோஷம். இரண்டு, சத்தம். மூன்று கார்டுக்கும் சேர்ந்து ஏழெட்டு விசிறி. சின்ன ரூமுக்குள் நுழைந்தால் மே மாத வேலூர். பெண்ணின் படிப்பு மேஜை ஹாலுக்கு வந்தது. மெஷினுக்கு ரூம் கிடைத்தது, மகளுக்கு இல்லை. என் மனைவி மட்டும் ஒரு லாபம் பார்த்தாள். எக்ஸாஸ்ட் ஃபேன் அனல் அடிக்கிற பக்கமாகத் துணி விரித்து வடாம் பிழிந்தாள். அரை நாளில் கலகலவென்று காய்ந்தது.

இரண்டு மாதம் கழித்து ஈ.பி. ரீடிங் எடுக்க வந்தவர் மீட்டரை இரண்டு தடவை பார்த்தார். "ஏ.சி. எத்தனை சார்?" என்றார். வழக்கமாக 380 யூனிட் ஓடுகிற வீடு. அன்றைக்கு 1,180. 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் தமிழ்நாட்டில் கணக்கே வேறு. தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் இல்லை, முதலிலிருந்தே ரேட் மாறிவிடும். 770 ரூபாய் கட்டிக்கொண்டிருந்த நாங்கள் 6,268 ரூபாய் கட்டினோம். ஹவுஸ் ஓனர் மாடிப்படி ஏறி வந்து, "வீட்ல ஏதாச்சும் ஃபேக்டரி நடத்தறீங்களா தம்பி?" என்று பாசமாக விசாரித்துவிட்டுப் போனார்.

போகட்டும். காசு வந்ததல்லவா என்பீர்கள். வந்தது. ஆனால் மாதம் போகப் போக, அதே மூன்று கார்டு, அதே கரண்ட், விழுகிற ஈதர் மட்டும் இளைத்துக்கொண்டே வந்தது. ஏன்?

இரண்டாவது விஷயம் இதுதான். கோயில் அன்னதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அண்டா அளவு மாறாது. பந்தி மட்டும் நீளுகிறது. உலகத்தில் எத்தனை கார்டு புதிதாக ஓடினாலும் ஒரு நாளைக்கு வெளியே வருகிற காசு ஏறக்குறைய அதேதான். கூட்டம் கூடினால் பூட்டைத் தானாகவே கடினமாக்கிக்கொள்கிற மாதிரி ஏற்பாடு. பிட்காயினில் 2,016 பக்கத்துக்கு ஒரு தடவை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, இந்தக் கடினத்தைத் திருத்துகிறார்கள். போதாததற்கு அங்கே நாலு வருஷத்துக்கு ஒரு தடவை அண்டாவையே பாதியாக்குவார்கள். 50 என்று ஆரம்பித்த பரிசு 2012, 2016, 2020 என்று பாதி பாதியாகக் குறைந்து, 2024 ஏப்ரலில் 3.125 ஆகிவிட்டது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். காசு விலை ஏறும்போதுதான் நமக்கு ஆசை வருகிறது. நமக்கு ஆசை வருகிற அன்றைக்குத்தான் ஊருக்கெல்லாம் ஆசை வருகிறது. அதனால் கார்டு விலை ஏறுகிறது. ஏறிய விலைக்கு வாங்கிய கார்டுகள் எல்லாம் ஓட ஆரம்பித்ததும் ஆளுக்குக் கிடைக்கிற சோறு குறைகிறது. அதாவது வரப்போகிற லாபத்தைக் கடைக்காரர் முன்கூட்டியே கார்டு விலையில் வசூலித்துக்கொண்டுவிட்டார். நமக்கு மிச்சம், கரண்ட் பில்லும் வடாமும்.

காலேஜில் தேய்மானம் என்று ஒரு பாடம் நடத்தினார்கள். மெஷின் ஓட ஓடத் தேயும், வருஷா வருஷம் மதிப்பைக் குறைத்து எழுது என்றார்கள். இது ஓடாமல் பெட்டிக்குள்ளேயே இருந்தாலும் தேய்கிற மெஷின். பக்கத்துத் தெருவில் ஒருத்தன் புதிதாக வாங்கினால் நம்முடையது தேய்கிறது. இந்தப் பாடத்தை எங்கள் புரொஃபசர் நடத்தவில்லை. நடத்தியிருந்தாலும் நான் மேட்டினி ஷோவில் இருந்திருப்பேன்.

ஈதர் விலை 2021 நவம்பரில் 4,800 டாலரைத் தொட்டது. "வித்துடலாமாடா?" என்றேன். "பத்தாயிரம் போகும் மாமா. தங்க முட்டையை யாராவது இப்பவே ஆம்லெட் போடுவாங்களா?" என்றான். அடுத்த ஜூனில் ஆயிரம் டாலர் பக்கம் வந்து நின்றது. ஆம்லெட்டாவது போட்டிருக்கலாம்.

மூன்றாவது விஷயம் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. 2022 செப்டம்பர் 15-ம் தேதி எதீரியத்தில் மைனிங்கையே ஒழித்துவிட்டார்கள்! 'மெர்ஜ்' என்று பெயர். இனிமேல் பேரேட்டைப் பூட்ட மெஷின் வேண்டாம், ஈதரையே டெபாசிட்டாக வைத்திருப்பவர்கள் கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஏற்பாடு. எதீரியத்தின் மின்சாரச் செலவு 99 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தது. உலகத்துக்கு நல்லதுதான். என் சின்ன ரூமில் மூன்று கார்டும் ஒரே நாளில் ரிட்டயர் ஆயின. பென்ஷன் கிடையாது.

இது திடீரென்று நடந்ததா? இல்லை. மைனிங்கை நிறுத்தப் போகிறோம் என்று பல வருஷமாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்கான முதல் கட்டம் 2020 டிசம்பர் 1-ம் தேதியே ஆரம்பமாகிவிட்டது. நாங்கள் ரிச்சி தெருவில் வெயிலில் நின்றது 2021 ஏப்ரலில்! மாப்பிள்ளைக்கு ரிட்டயர்மென்ட் ஆர்டர் வந்த பிறகு பெண் கொடுத்த கதை.

அந்த செப்டம்பர் மாதம் இன்னும் இரண்டு காரியம் நடந்தன. 10-ம் தேதி கரண்ட் சார்ஜ் ஏறியது. மாதக் கடைசியில் சீட்டின் கடைசித் தவணை கட்டினோம். மெஷின் செத்த மாதம்தான் மெஷினுக்கு வாங்கிய பணம் கட்டி முடிந்தது.

இனி கணக்கு.

செலவு:
கார்டு மூன்று – ரூ. 2,55,000
மற்ற சாமான் – ரூ. 85,000
கூடுதல் கரண்ட், பதினேழு மாதம் – ரூ. 47,000
ஆக மொத்தம் – ரூ. 3,87,000

வரவு:
கிடைத்த 1.25 ஈதர் விற்றது – ரூ. 1,50,000
அதில் வரி போக – ரூ. 1,03,200
பழைய கார்டும் சாமானும் விற்றது – ரூ. 80,000
ஆக மொத்தம் – ரூ. 1,83,200

நஷ்டம்: ரூ. 2,03,800. தலைக்கு 1,01,900. சீட்டில் தள்ளிய 30,000 என் தனிக் கணக்கு.

வரி 46,800-ஆ என்று நீங்கள் அதிர்ந்த மாதிரிதான் நானும் ஆடிட்டரிடம் அதிர்ந்தேன். "நஷ்டத்துக்கு ஏது சார் வரி?" என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ வருமானத்துக்கு 30 சதவிகிதம், அதன் மேல் செஸ் 4. வாங்கிய விலையை மட்டும்தான் கழிக்கலாம். நாம் ஈதரை வாங்கவில்லை, வெட்டி எடுத்தோம். மெஷின் செலவைக் கழிக்கலாமா என்றால், முடியாது. மைனிங்குக்குப் போட்ட கட்டமைப்புச் செலவு வாங்கிய விலை ஆகாது என்று 2022 மார்ச்சில் நிதித்துறை இணையமைச்சர் பங்கஜ் சௌத்ரி மக்களவையில் எழுத்து மூலமாகவே பதில் கொடுத்துவிட்டார். சரி, இந்த நஷ்டத்தை வேறு வருமானத்திலாவது கழிக்கலாமா? அதுவும் கூடாது.

எனக்கு உறைத்த கணக்கு வேறு. கார்டை அசல் விலையான 35,000-க்கு வாங்கியிருந்தால் ஒன்றரை லட்சம் மிச்சம். அதாவது எங்கள் நஷ்டத்தில் முக்கால் பங்கு கரண்டும் இல்லை, வரியும் இல்லை. கடையில் பில் போட்ட அந்த ஒரு நிமிஷத்திலேயே நடந்து முடிந்துவிட்டது. அன்றைக்கு அதே 3,40,000 ரூபாய்க்கு நேரே ஈதர் வாங்கியிருந்தாலே சுமார் இரண்டு ஈதர் கிடைத்திருக்கும். சத்தம், சூடு, ஹவுஸ் ஓனர் எதுவும் இல்லாமல்! வாங்குங்கள் என்று சொல்லவில்லை. வெட்டி எடுப்பது மலிவு என்று நினைத்தோமே, அதைச் சொல்கிறேன்.

பழைய கார்டை விற்கப் போனபோது நாலாவது கடையில் அதே மனிதர். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கேம் ஆடினதா சார், மைனிங் பண்ணினதா?"

இந்தத் தடவை மச்சினன் வாயைத் திறக்கவில்லை.

கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். 2024 டிசம்பரில் பிட்காயின் முதல் தடவையாக ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. மறுநாள் காலையில் போன்.

"மாமா, இது ஏசிக். எஸ்21. ரிட்டயரே ஆகாது!"

விலை மூன்று லட்சத்துக்குக் குறையாது. நான் பேப்பரை எடுத்தேன். 3,500 வாட். ஒன்றரை டன் ஏ.சி. இரண்டை ராத்திரி பகல் நிறுத்தாமல் ஓட்டுகிற மாதிரி. ஒரு நாளைக்கு 84 யூனிட். இவ்வளவு ஓடினால் வீட்டுக் கனெக்ஷனில் யூனிட் 11 ரூபாய்க்கு மேல். ஆக, தினம் 924 ரூபாய்க்குக் குறையாத கரண்ட். அன்றைய நிலவரத்தில் அந்த மெஷின் ஒரு நாளைக்குச் சம்பாதிப்பது சுமார் ஆயிரம் ரூபாய். அதில் வரி 312. மெஷின் இனாமாகக் கிடைத்தால்கூட தினம் இருநூறு ரூபாய்க்கு மேல் நஷ்டம்! அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஏக்கர் கணக்கில் கொட்டகை போட்டு, மொத்த விலைக்கு மெஷினும் மலிவு விலைக்குக் கரண்டும் வாங்கி ஓட்டுகிறார்கள். அந்தப் பந்தியில் நாம் இலை போட்டு உட்காருவதற்குள் அண்டா காலியாகிவிடும்.

இதையெல்லாம் அவனுக்கு விளக்க வாயெடுத்தேன். என் மனைவி போனை வாங்கிக்கொண்டாள்.

"டேய், மெஷின் விக்கறவரு அவர் வீட்ல ஓட்டறாரான்னு கேட்டியா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"கேட்டுட்டு அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டாள்.

காமர்ஸ் படிக்காதவள் என்று சிரித்தேனே, அந்த ஒரு கேள்விக்கு நான் கொடுத்த ஃபீஸ் 1,31,900 ரூபாய். பி.காம். மூன்று வருஷத்துக்கும் சேர்த்து அப்பா இவ்வளவு கட்டவில்லை.

வேறு வீடு மாறினோம், நினைத்ததைவிட இரண்டு வருஷம் தாமதமாக. பெண்ணுக்குத் தனி ரூம் வந்துவிட்டது. அவள் மேஜை, அவள் புத்தகம், அவள் ஜன்னல். சத்தம் கிடையாது. போன கோடையில் மொட்டை மாடியில் வடாம் பிழிந்துகொண்டே மனைவி ஒரு குறை சொன்னாள்.

"என்ன இருந்தாலும் அந்த மெஷின்ல காஞ்ச மாதிரி வராதுங்க!"